லைன் உன் கைக்கு வரும்போது

கண்ணு, திங்கட்கிழமையிலிருந்து நீ சூப்பர்வைசர் என்று அம்மா போனில் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏழு வருஷம் ஓவர்லாக் மெஷினில் குனிந்த முதுகு உன்னுடையது. இனி நிமிர்ந்து, முப்பது மெஷினுக்கு நடுவே நடக்கப் போகிறாய்.

தையலைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. லூப்பரில் நூல் கோப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாய். கழுத்து இழுக்கிறதா, தோள் ஏறுகிறதா என்று பீஸைத் தொட்டே சொல்லிவிடுவாய். ஆனால் சூப்பர்வைசர் வேலையில் பாதிதான் தையல், மீதிப் பாதி மனுஷங்க. அந்தப் பாதியைத் திருப்பூரில் பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. நன்றாகத் தைக்கிறாள், லீவு போடுவதில்லை, லைனைக் கொடு என்பார்கள். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். நான் செய்த தப்பு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்த ஒரு நாளில் கற்றதுதான்.

சூப்பர்வைசர் ஆகி மூன்றாவது மாதம், ஷிப்மென்ட் வாரம். சாயங்காலம் சிங்கர் மெஷினில் கழுத்துக்கு லேபிள் வைக்கிற அக்கா ஒருத்தர், ‘ஏனுங் கண்ணு, இந்த டேப்பு அகலம் சரிதானுங்களா?’ என்று கேட்டார். டேப் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டார்கெட் நாற்பது பீஸ் பின்தங்கி நின்றது, மேனேஜர் அப்போதுதான் என்னைக் கூப்பிட்டுத் திட்டி அனுப்பியிருந்தார். ‘கொடுத்ததைத் தைங்க்கா, நொய்நொய்னு கேள்வி கேக்காதீங்க’ என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன். அவருக்கு நம் அம்மா வயது. ஒன்றும் பேசாமல் பெடலை மிதித்தார்.

மறுநாள் காலை, மெஷினுக்குப் பீஸ் எடுத்துக் கொடுக்கிற கைமடிப் பெண், எல் சைஸ் லேபிள் கட்டை எம் சைஸ் பண்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். முதல் பத்துப் பீஸுக்குள்ளேயே அந்த அக்காவின் கைக்குத் தெரிந்துவிட்டது, இது எல் இல்லை என்று. பதினைந்து வருஷம் துணி தொட்ட கை அது. ஆனாலும் அவர் கேட்கவில்லை, தைத்துக்கொண்டே போனார். சாயங்காலம் ஃபைனல் செக்கிங்கில் ஒரு பெண் டேப் வைத்து மார்பளவு பார்க்கிறாள், ஒரு இஞ்சு குறைகிறது. மொத்தம் 480 பீஸ், எல்லாம் அயர்ன் போட்டு மடித்துக் கவரில் போட்டாயிற்று. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துணியில் ஓட்டை விழாமல் லேபிள் தையலை மட்டும் ட்ரிம்மரால் வெட்டி, நூல் பிசிறைப் பிடுங்கி, திரும்பவும் சரியான லேபிள் வைத்தோம். ராத்திரி ஒன்பதரை வரை பத்துப் பேர் உட்கார்ந்தோம். அந்த அக்காவும் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போய், ‘உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களாக்கா?’ என்று மெல்லக் கேட்டேன்.

‘தெரிஞ்சுது கண்ணு. நேத்து அப்படிச் சொன்னீங்கல்ல, அதான் கேக்கலை.’

துளி கோபம் இல்லாமல் சொன்னார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ட்ரெய்னிங் வகுப்புகளில் ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். தன் மனசில் ஓடுவதை அறிவது, அதை அடக்கியாள்வது, அடுத்தவர் மனசைப் படிப்பது, அதற்கேற்ப நடந்துகொள்வது என்று விளக்குவார்கள். பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு இலக்கணம் வகுத்தார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகத்தால் அந்த வார்த்தை உலகம் முழுக்கப் பரவியது. நீ அந்த வார்த்தையை மனப்பாடம் செய்ய வேண்டாம். உன் லைனில் ஒரு தப்பு நடந்தால் அது உன் காதுக்கு எத்தனை நிமிஷத்தில் வருகிறது, அதை மட்டும் கவனி. முதல் பத்துப் பீஸில் வந்தால் நீ நல்ல சூப்பர்வைசர். 480-ஆவது பீஸில் வந்தால், கோளாறு உன் வாயில் இருக்கிறது.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையில் இயங்கும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அந்த வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தால், அங்கே நர்ஸுகள் நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார்கள், தலைமை நர்ஸுக்குப் பயந்து நடுங்கிய வார்டுகளில் மறைத்தார்கள். அதை நான் தெரிந்துகொண்டபோது என் லைனின் முதல் மூன்று மாதம்தான் ஞாபகம் வந்தது. ‘உன் லைன்ல ஒரு கம்ப்ளெயின்ட்டும் வர்றதில்லையே’ என்று மேலே பாராட்டினார்கள், நானும் பூரித்துப் போயிருந்தேன்.

கோபம் ஏறுகிற நேரத்தைக் குறித்து வை

ஒரு வாரம், சின்ன நோட்டில், உனக்கு எப்போதெல்லாம் சுர்ரென்று ஏறுகிறது என்று நேரத்தை மட்டும் எழுது. எனக்கு மூன்று இடத்தில் ஏறியது. காலை பதினோரு மணி, ஏனென்றால் நான் காலையில் சாப்பிடாமல் வருவேன். மணிக்கணக்குப் போர்டில் எண்ணிக்கை எழுதும் கடைசி ஐந்து நிமிஷம். அப்புறம் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்த உடனே. இந்த மூன்றில் ஒன்று இட்லியில் சரியாகிவிட்டது, நிஜமாகவே. இரண்டாவதற்கு, போர்டில் எழுதும் நேரத்தில் யாரிடமும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவதற்கு, அறையிலிருந்து வந்ததும் நேராக லைனுக்குள் நுழையாமல் தண்ணீர்க் குடம் வரை நடந்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டு, செக்கிங் டேபிள் பக்கமாகச் சுற்றி வருவேன். இரண்டு நிமிஷம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தில் ‘நாய் மாதிரி விழாதே’ என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஓடுகிற மெஷினுக்குப் பின்னால் போய் நிற்காதே. நீ அங்கே உட்கார்ந்து தைத்தவள், உனக்கே தெரியும். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் கால் தன்னால் பெடலை அழுத்தும், தையல் ஓரத்தை விட்டு ஓடும், சில சமயம் ஊசி விரலில் ஏறும். பக்கவாட்டில், அவள் கண்ணில் படுகிற இடத்தில் நில். அவள் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகு பேசு. பீஸைக் கையில் எடுத்து அதைப் பார்த்துக்கொண்டே பேசு. ‘இங்கே தையல் விட்டிருக்குப் பாருங்க’ என்றால் அவள் பீஸைப் பார்ப்பாள். ‘கண்ணு எங்கே வச்சிருக்கே’ என்றால் சுற்றி யார் யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள்.

‘யாரு பண்ணுனது?’ என்று ஆரம்பிக்காதே

தப்புப் பீஸ் ஒன்று கைக்கு வந்தால் நம் நாக்கில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். அந்த ஒரு வார்த்தையில் லைன் முழுக்கத் தலை குனிந்துவிடும். நான் இப்போது கேட்கும் வரிசை இது: எந்த பண்டில்? எப்போதிலிருந்து? எத்தனை பீஸ் தாண்டியிருக்கு? இந்த மூன்றும் தெரிந்தால் சேதத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். அப்புறம் மெஷினைப் பார். ஊசி மழுங்கியிருக்கலாம், டென்ஷன் மாறியிருக்கலாம், கட்டிங்கிலேயே கோணலாக வந்திருக்கலாம். ஆள்தான் காரணம் என்று தெரிந்தால், அதைத் தனியாக, டீ நேரத்தில் பேசிக்கொள்ளலாம். தப்பைச் சொல்ல வந்தவளிடம் மட்டும் உடனே ஒரு வார்த்தை சொல்: ‘இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு.’ நாலு பேர் காதில் விழும்படி சொல். சொன்ன பிறகு முகத்தைச் சுளிக்காதே. அவர்கள் முகத்தைத்தான் நம்புவார்கள்.

நீ தப்பு செய்தால் எங்கே கத்தினாயோ அங்கேயே மன்னிப்புக் கேள். லேபிள் பிரித்த ராத்திரிக்கு மறுநாள், எட்டரை மணிக்கு மெஷின் ஆன் பண்ணுவதற்கு முன்னால், அந்த அக்கா பக்கத்தில் போய் நின்று, ‘முந்தா நாள் நான் கத்துனது தப்புங்க்கா. நீங்க கேட்டது சரியான கேள்வி. இனிமே கேளுங்க’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எனக்குக் கால் நடுங்கியது. சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பக்கத்து லைன் அண்ணன் சொன்னார். போகவில்லை. ஆனால் அந்த அக்கா உடனே மாறவும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முகம் பார், துருவாதே

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு இரண்டு இடத்தில் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். 71-ஆவது அதிகாரம் அரசனுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, 110-ஆவது காதலர்களுக்கு. ஆளும் வேலைக்கும் அன்புக்கும் ஒரே திறமை வேண்டும் என்று வைத்தவர் எவ்வளவு யோசித்திருப்பார்!

உன் கையில் இருக்கும் மணிக்கணக்குத் தாளே ஒரு முகம்தான். தினமும் மணிக்கு அறுபது தைக்கிறவள் இன்றைக்கு நாற்பதில் நிற்கிறாள் என்றால், ‘ஏன் குறையுது?’ என்று கேட்பதற்கு முன்னால் அவளைப் பார். பல பெண்கள் பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. ஏப்ரல், மே வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே அப்படி உட்கார்ந்தால் தலைவலியும் நீர்க்கடுப்பும்தான் மிச்சம். ‘போயிட்டு வாங்க, நான் கைமடியை வச்சுப் பார்த்துக்கறேன்’ என்று நீயே சொல். மாதவிடாய் நாள் என்று அவள் வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருக்காதே. வாரத்துக்கு ஒரு நாள் வரும் குழு லோன் கட்டும் நாளையும் தெரிந்து வைத்துக்கொள். அன்றைக்குக் காலையில் நாலைந்து பேர் முகம் ஒரே மாதிரி வாடியிருக்கும்.

‘வீட்டுல ஏதாச்சும்ங்களா?’ என்று ஒரு தடவை கேள். தனியாகக் கேள். ‘ஒண்ணுமில்லைங்க’ என்றால் விட்டுவிடு. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கட்டாயம் இல்லை.

அவள் சொல்லிவிட்டால், அந்த விஷயம் உன்னோடு புதைய வேண்டும். இதை நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பெண் தன் புருஷன் குடிப்பதைப் பற்றி அழுதிருந்தாள். ஒரு மாதம் கழித்து அவள் லேட்டாக வந்த அன்று, ‘உன் வீட்டுக் கதை தெரியும்’ என்று ஒரு சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவள் அந்த வாரமே சம்பளத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த லைனில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மனசைப் படிக்கத் தெரிந்தவள் கையில் இருப்பது கத்தி மாதிரி, யார் பக்கம் நீட்டுகிறாய் என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்.

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள் உன் லைனில் இருப்பார்கள். நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது, அதனால் நம் முகத்தையும் குரலின் சத்தத்தையும் மட்டுமே படிப்பார்கள். நீ சாதாரணமாக உரக்கச் சொன்னாலும் அவர்களுக்கு அது திட்டு. பக்கத்தில் போய், ஒரு பீஸை நீயே தைத்துக் காட்டு. பத்து இந்தி வார்த்தையாவது கற்றுக்கொள், ‘தபியத் டீக் ஹை?’ என்று உடம்பைக் கேட்கவாவது. போனை வாசலில் வாங்கி வைக்கிற கம்பெனி என்றால், அவசரத்துக்கு வீட்டிலிருந்து கூப்பிட ஆபீஸ் நம்பரைக் கொடுத்து வை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் கிடக்கும் பெண்ணுக்கு, யாராவது கூப்பிட்டால் சேதி வந்து சேரும் என்ற நிம்மதியே பாதி வேலை செய்யும்.

பாசத்தை வைத்து வேலை வாங்காதே

இதில்தான் எனக்கும் ட்ரெய்னிங் வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. அன்பாகப் பேசினால் ஆட்கள் கூடுதலாக வேலை செய்வார்கள் என்பார்கள். செய்வார்கள், உண்மைதான். பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேசிப் பழகவும், நேரத்தைத் திட்டமிடவும், பிரச்சினையைத் தீர்க்கவும் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தபோது உற்பத்தி கூடியதைப் பொருளியல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ‘நான் உங்க பொண்ணு மாதிரிங்க்கா, எனக்காக இன்னிக்கு ஒன்றரை ஷிப்ட் பாருங்க’ என்று கேட்பது வேறு. அந்த அக்காவால் மறுக்க முடியாது என்று தெரிந்துதான் அப்படிக் கேட்கிறோம். வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஆக்க ஆள் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். ஓவர்டைம் வேண்டுமென்றால் காலையிலேயே கேள், எத்தனை மணி, எவ்வளவு காசு என்று சொல், முடியாது என்பவளை மறுநாள் முறைக்காதே. சனிக்கிழமை சம்பளத்தில் அந்தக் காசு வரவில்லை என்றால் நீயே போய்க் கேட்டு வாங்கிக் கொடு. நீ ‘அக்கா’ என்று கூப்பிட்டதற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் வரும்.

நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்தவர்கள் உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். உன்னைவிட மூத்தவரை ‘வாங்க, போங்க’ என்றே சொல், வேலையைத் தெளிவாகச் சொல், கெஞ்சாதே. சிநேகிதிக்கு மட்டும் சுலபமான ஆபரேஷனைக் கொடுத்துவிடாதே, முப்பது பேரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மேலே இருந்து வரும் திட்டு

மேனேஜர் உன்னைத் திட்டுவார். அவரை பையர் ஆபீஸ் திட்டியிருக்கும். அந்தத் திட்டு உன்னிடம் நிற்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு விழுங்கவும் சொல்லமாட்டேன். எண்ணிக்கையோடு போ. ‘சார், மணிக்கு எழுபது ஆகாதுங்க. பேட்லாக்கில் பண்டில் தேங்குது, அங்கே இன்னொரு மெஷின் கொடுத்தா மதியத்துக்குள்ள எட்டிப் பிடிக்கலாம்’ என்று சொல். அழுகை வந்தால் அப்புறம் பேசுகிறேன் என்று வெளியே வந்துவிடு, ஆனால் அன்றைக்கே திரும்பப் போய்ப் பேசு. லைனுக்கு வந்து, ‘உங்களால நான் திட்டு வாங்கறேன்’ என்று மட்டும் சொல்லாதே. என்ன சிக்கல், எப்படிச் சரி செய்யலாம் என்று கேள். பண்டில் எங்கே தேங்குகிறது என்பது உன்னைவிட கைமடிக்குத்தான் முதலில் தெரியும்.

சமாதானம் பேசக் கூடாத இடம்

ஒரு பெண் வந்து, இன்னார் என்னைத் தொட்டார், இன்னார் இப்படிப் பேசினார் என்று சொன்னால், அங்கே உன் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். ‘நான் பேசிப் பார்க்கிறேன், பெருசு பண்ணாதே’ என்று சொல்லவே கூடாது. உட்கார வை, முழுக்கக் கேள், அவளை நம்பு. 2013-ஆம் வருஷச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பொதுவாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எழுத வராது என்றால் உதவி செய், தேதியை அவளிடம் சரியாகக் கேட்டு எழுது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் ஆன முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள். அவசரத்தில் தேடக் கூடாது.

உன் களைப்பு

ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பார்த்து 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். சிரிப்பதும் பொறுத்துப்போவதும்கூட உழைப்புதான், அதற்கும் உடம்பு களைக்கும் என்றார். ஆண் சூப்பர்வைசர் கத்தினால் கண்டிப்பானவர் என்பார்கள், நீ குரலை உயர்த்தினால் ராட்சசி என்பார்கள். முப்பது பேர் மனசைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய் அங்கேயும் எல்லோர் முகத்தையும் பார்த்துப் பார்த்து நடக்கிறவள் நீ. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் வா. இரண்டு நாளைக்கு ஒரு தடவை எனக்குப் போன் போடு, நான் அறிவுரை சொல்லாமல் கேட்கிறேன்.

அந்த லேபிள் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. மன்னிப்புக் கேட்ட பிறகும் நாலு மாதம் அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். நான் தினமும் அவர் மெஷினுக்குப் பக்கவாட்டில் நின்று, ‘எல்லாம் சரியா வருதுங்களா?’ என்று கேட்டுவிட்டுப் போவேன். ‘வருது’ என்பார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மதியம், மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நான் லைனின் மறுகோடியில் இருந்தேன். அவர் மெஷின் நின்றது. கையைத் தூக்கினார்.

‘கண்ணு, இங்க வாங்க. கோன் மாத்துனதுக்கு அப்புறம் நூல் ஒரு பொட்டு மங்கலாத் தெரியுது. எனக்குக் கண்ணுதான் அப்படியோ என்னமோ.’

பீஸை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தேன். நூல் ஷேடு மாறித்தான் இருந்தது. அதுவரை தைத்தது ஏழு பீஸ். கோனை மாற்ற ஆறு நிமிஷம் லைன் நின்றது. போர்டில் அந்த ஆறு நிமிஷத்தையும் காரணத்தையும் எழுதினேன், கண்டுபிடித்தவர் பெயரையும் எழுதினேன். டீ மணி அடித்ததும் என் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.